கருமருந்துத் தோட்டாவுக்கு வீட்டிலேயே வாட் வெட்டுவது: எந்தத் தாள், எந்த அளவு?

நீள்குழல்:
வணக்கம். என்னிடம் இருப்பது .45-70 தோட்டா போடும் ஃபாலிங் பிளாக் ரைஃபிள் (பின்கட்டை கீழே இறங்கித் திறக்கும், ஒற்றைத் தோட்டா வகை). கருமருந்து, அதாவது புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து, அது மட்டும்தான் போடுகிறேன். தாள் இலக்கு, அதுவும் 200 மீட்டர், அதுதான் என் எல்லை. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கிற வாட் இதுவரை வாங்கியதுதான். அது தீர்ந்துவிட்டது, புதிதாகக் கிடைக்கவும் காணோம். ஒரு சின்ன வட்டம்தானே, நாமே வெட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் கேள்வி மேல் கேள்வி வருகிறது.

நோட்டுப் புத்தக அட்டை, பால் டப்பா அட்டை, கேஸ்கட் தாள், கம்பளி ஃபெல்ட், பிளாஸ்டிக் மூடி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது நல்லது? எவ்வளவு தடிமன் வேண்டும்? குழலின் அளவுக்கு வெட்டுவதா, தோட்டாவின் பித்தளைக் கூட்டு வாய் அளவுக்கு வெட்டுவதா?

இன்னொன்று. அவசரத்துக்கு நோட்டு அட்டையில் வெட்டிப் போட்டுச் சுட்டேன். பெரும்பாலான குண்டுகள் ஒன்றாகத்தான் விழுகின்றன. ஒன்றிரண்டு மட்டும் சம்பந்தமே இல்லாமல் ஓரத்துக்குப் போகின்றன. வாட்தான் காரணமா?

பித்தளைக்கூடு:
வாருங்கள் நண்பரே. தாளைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் வாட் அங்கே என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மற்ற கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் கிடைக்கும்.

நாம் சுடுவது மென்மையான ஈயம். 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம், அல்லது 30-க்கு 1. கருமருந்து பற்றியதும் வரும் திடீர் உதையில் இந்த ஈயம் கொஞ்சம் குறுகித் தடித்து, குழலுக்குள் சுழன்று ஓடும் புரியின் பள்ளத்தை நிரப்பும். ஆனால் அப்படி நிரப்புவதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில், சூடான வாயு குண்டின் ஓரமாக முன்னே நுழையப் பார்க்கும். நுழைந்தால் அடிவிளிம்பை அரித்துவிடும். குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது அந்த அடிவிளிம்புதான். மூக்கில் சின்னக் கீறல் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளும், அடியில் கீறலைப் பொறுக்காது. அந்த நேரத்தில் வாயுவுக்குக் கதவு மாதிரி நிற்பது வாட். அதன் முதல் வேலை இது.

இரண்டாவது வேலை, குண்டின் பள்ளத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசை மருந்தில் இறங்காமல் தடுப்பது. மூன்றாவது, மருந்தை அமுக்கும்போது அதன் மேல் ஒரு சமமான தளமாக இருப்பது.

அதனால் வாட் குண்டைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. உங்கள் குண்டு 0.458 அங்குலம் என்றால் வாட் 0.460 அளவில், அதாவது 11.7 மில்லிமீட்டர் பக்கத்தில் இருக்கட்டும். கூட்டின் வாய்க்குள் லேசான இறுக்கத்தோடு இறங்க வேண்டும். கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடுகிற வாட்டைத் தூக்கிப் போடுங்கள்.

தடிமனில் வழக்கமாகப் புழங்குவது இரண்டு: 0.030 அங்குலம், 0.060 அங்குலம். நம் கணக்கில் முக்கால் மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர். முக்காலில் தொடங்குங்கள்.

அரைநாள்லேத்:
வெட்டும் கருவி பற்றி நான் சொல்கிறேன்.

செலவில்லாத வழி, சுட்ட பழைய கூடு ஒன்றை வெட்டியாக்குவது. பிரைமரை (மருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் சின்னக் குமிழை) வெளியே தள்ளிய வெறும் கூடாக இருக்க வேண்டும், அதைச் சொல்லவே வேண்டாம். அடியில் பிரைமர் துளையைப் பெரிதாக்கினால் உள்ளே மாட்டிய வட்டத்தைக் கம்பியால் தள்ளி எடுக்கலாம். வாயை வெளிப்புறமாகச் சீவிக் கூராக்குங்கள். வெளியே சீவினால் வெட்டு உள்விட்டத்தில் விழும், அதாவது உங்கள் கூட்டின் உள்ளளவு அப்படியே வட்டத்துக்கு வரும். உட்புறம் சீவினால் வெட்டு வெளிவிட்டத்துக்குப் போய்விடும், வட்டம் உள்ளே இறங்காது. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அளவு தப்புகிறது என்பார்கள்.

பித்தளை சீக்கிரம் மழுங்கும். சின்னப் பெட்டி நிறைய வெட்ட வேண்டும் என்றால் எஃகுதான். வில் போல வளைந்த பிடி உள்ள துளைப்பான், தோல் வேலைக்காரர்கள் வைத்திருப்பது, அந்த வகை போதும். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: உள்சுவர் மேலே போகப் போக விரிய வேண்டும். அப்போதுதான் வெட்டிய வட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே ஏறும். சுவர் நேராக இருந்தால் நாலைந்து வட்டம் போனதும் நசுங்கி இறுகிக்கொள்ளும்.

சுத்தியலால் அடித்தால் துளைப்பான் கொஞ்சமாவது சாயும். சாய்ந்தால் வட்டத்தின் ஓரம் சரிவாக வரும். ஓரம் சரிந்த வாட்டுக்கு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. அதனால் என் துளைப்பானை டிரில் பிரஸ்ஸில் மாட்டி, மோட்டாரை அணைத்துவிட்டு, கைப்பிடியால் மட்டும் அழுத்துகிறேன். கையால் நெம்பி அழுத்தும் ஆர்பர் பிரஸ் இருந்தால் இன்னும் நல்லது. அடியில் மரத்துண்டு வைப்பதானால் நார் மேல்நோக்கி நிற்கும் வெட்டுமுகத்தில் வையுங்கள். பக்கவாட்டு நாரில் வைத்தால் கூர் ஒரு பக்கமாக இழுக்கும். இரும்பில் மட்டும் வைத்து அடித்துவிடாதீர்கள்.

தாளில் வட்டங்களைத் தேன்கூட்டு வரிசையில் வெட்டினால் கழிவு குறையும். ஆனால் ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கொஞ்சம் தாள் விடுங்கள். ஒட்டி வெட்டினால் அந்தப் பக்கம் பிடிமானம் இல்லாமல் வட்டம் முட்டை வடிவத்துக்குப் போகும்.

நீள்குழல்:
நன்றி அண்ணே. உள்ளே சீவுவது, வெளியே சீவுவது, இது எனக்குத் தோன்றவே இல்லை. துளைப்பானில் எந்த அளவு வாங்குவது? 11.7 என்று துல்லியமாகக் கிடைக்குமா?

அரைநாள்லேத்:
கிடைக்காது. 11 இருக்கும், 12 இருக்கும். 12-ஐ வாங்கி ஒரு வட்டம் வெட்டி, கூட்டில் இறங்குகிறதா என்று பாருங்கள். துளைப்பானின் அளவும் வட்டத்தின் அளவும் ஒன்றல்ல. கெட்டியான நார்த்தாளில் கிட்டத்தட்ட அப்படியே வரும். ஃபெல்ட் வெட்டும்போது அமுங்கி, வெட்டிய பிறகு நடு இடுப்பு குறுகின மாதிரி வரும். மென்மையான பிளாஸ்டிக் தன் இஷ்டத்துக்கு மீளும். அதனால் கருவியை அளக்க வேண்டாம், வட்டத்தை அளங்கள். வெர்னியரை அழுத்திப் பிடிக்காதீர்கள், நசுங்கிய அளவைத்தான் காட்டும். பொருந்தவில்லை என்றால் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் சரியான அளவில் ஒன்று கடைந்து, கடினப்படுத்தி வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை செய்தால் வெகுகாலம் வரும்.

தேன்மெழுகு:
தாள் வகைகளுக்கு வருவோம். என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

நோட்டின் பின்னட்டை: நல்ல தொடக்கம். கெட்டியாக இருக்கும், சுத்தமாக வெட்டுப்படும். குறை ஈரம். காற்றில் ஈரம் ஏறினால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வெட்டியதும் மூடி இறுகும் டப்பாவில் போட்டுவிடுங்கள்.

பால் டப்பா அட்டை: இரண்டு பக்கமும் பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால் எண்ணெயும் ஈரமும் ஏறாது. மெல்லியது, அதனால் இரண்டு வைக்க வேண்டிவரும். உள்ளே பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டிய டப்பாவை விடுங்கள், அடுக்கு பிரிந்து வருகிறது.

நார்க் கேஸ்கட் தாள் (எஞ்சின் மூட்டுகளில் ஒழுகாமல் இருக்க வைப்பது): என் முதல் தேர்வு. தடிமன் தாள் முழுக்க ஒரே மாதிரி, அமுக்கினால் நசுங்காது, ஓரம் கூராக நிற்கும். இரண்டு எச்சரிக்கை. எங்கோ பரணில் கிடந்த பழைய கேஸ்கட் தாளைத் தொடவே வேண்டாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உள்ளே கம்பி வலை வைத்த வகையும் வேண்டாம், குழலுக்குள் இரும்பு எதற்கு?

பிளாஸ்டிக் மூடி: டப்பாக்களுக்கு வருகிற, வளைத்தால் வளையும் குறையடர்த்திப் பாலிஎத்திலீன். அடைப்பதில் இதை அடிக்க ஆள் கிடையாது. மூடியின் நடுவில் எழுத்தும் வரியும் புடைத்திருக்கும் இடத்தைத் தவிர்த்து வெட்டுங்கள். கடினமான, உடையும் வகைப் பிளாஸ்டிக் உதவாது. ஷாட்கன்னில் கருமருந்தோடு பிளாஸ்டிக் வாட் போடுபவர்கள் குழலில் உருகிய கோடுகளைச் சுரண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ரைஃபிளில் இந்த மெல்லிய வட்டத்தால் எனக்கு அந்தத் தொல்லை வந்ததில்லை. இருந்தாலும் முதல் நாள் சுட்டு முடித்ததும் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

ஃபெல்ட்: சுத்தமான கம்பளி மட்டுமே. கைவினைக்கு வண்ண வண்ணமாக விற்பதில் பெரும்பாலும் பாலியெஸ்டர், சூட்டில் உருகும். ஒரு நூலைப் பிய்த்துத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். முடி கருகும் நாற்றமும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருண்டையாக உருகினால் பாலியெஸ்டர். ஆனால் ஃபெல்ட் மட்டும் தனியாக நல்ல அடைப்பு இல்லை, எண்ணெய் சுமக்கத்தான் அது.

அலை அலையாக இருக்கும் பெட்டி அட்டையைப் பற்றி யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: கூடாது. அமுக்கும்போது ஒரு பக்கம் முதலில் சரியும்.

சந்தேகி:
ஒரு கேள்வி. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? 1873-இல் வந்த .45-70 அமெரிக்க ராணுவத் தோட்டாவில் 70 கிரெய்ன் (மருந்து, குண்டுக்கான எடை அளவு) மருந்து, 405 கிரெய்ன் குண்டு, பள்ளத்தில் கிரீஸ். அதோடு சரி. அதை வைத்து ஒரு ராணுவமே காலம் தள்ளியது. வாட் இல்லாமலும் சுடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

பித்தளைக்கூடு:
சுடலாம். யார் வேண்டாம் என்றது? மனிதன் அளவு இலக்கில் அடிக்க அது போதும். தாளில் குரூப், அதாவது குண்டுகள் விழும் பரப்பு, சுருங்க வேண்டும் என்றால் போதாது.

ராணுவமும் வாட்டை ஒதுக்கிவிடவில்லை. குதிரைப் படையின் கார்பைனுக்கு (குட்டைக் குழல் ரைஃபிள்) அதே கூட்டில் 55 கிரெய்ன்தான் போட்டார்கள். மீதி இடத்தைக் காலியாக விடாமல் அட்டை வைத்து நிரப்பினார்கள். பிரிட்டிஷ் பக்கம் 1871-இல் ராணுவம் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளைப் பாருங்கள். 85 கிரெய்ன் மருந்து, தாள் சுற்றிய 480 கிரெய்ன் குண்டு, நடுவில் அட்டை வட்டுகளுக்கிடையே ஒரு தேன்மெழுகு வாட். தாள் சுற்றிய குண்டில் கிரீஸ் பள்ளம் இல்லை அல்லவா, அதனால் மசகை அடியில் வைத்தார்கள். ஷார்ப்ஸ் ரைஃபிள்காரர்கள் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

சந்தேகி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நியூயார்க்கில் அமெரிக்காவும் அயர்லாந்தும் மோதிய 1874 க்ரீட்மோர் தூர இலக்குப் போட்டியை வாட் ஜெயிக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 800, 900, 1000 கெஜம் சுட்டு, கடைசியில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் நடுப்புள்ளியில் அடித்தார், ஆனால் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியில். அதற்கு 4 புள்ளி கிடைத்திருந்தால் கோப்பை வேறு பக்கம் போயிருக்கும். முதலில் அவரவர் இலக்கைச் சுடுவோம், வாட் அப்புறம்.

தேன்மெழுகு:
இதை அச்சடித்து மைதானத்தில் மாட்ட வேண்டும் ஐயா.

நீள்குழல்:
கேஸ்கட் தாள், பால் டப்பா, நோட்டு அட்டை மூன்றிலும் வெட்டிச் சுட்டுப் பார்த்தேன். கேஸ்கட் தாள் குரூப் நன்றாக வந்தது. நோட்டு அட்டையில் அந்த ஓரம் போகும் குண்டு இன்னும் வருகிறது. பால் டப்பா அட்டை ஒன்று மட்டும் வைத்தது இரண்டுக்கும் நடுவில். அப்படியானால் கேஸ்கட் தாள்தான் என்று முடிவு செய்துவிடலாமா?

பித்தளைக்கூடு:
பொறுங்கள். இந்த இழையிலேயே முக்கியமான இடம் இதுதான்.

மூன்று தாளும் ஒரே தடிமனா? இல்லை என்றே நினைக்கிறேன். குண்டை ஒரே ஆழத்தில் உட்கார வைத்தீர்கள், மருந்தின் எடையும் ஒன்றே. அப்படியானால் வாட் தடித்தால் மருந்து அதே அளவுக்குக் கூடுதலாக அமுங்கும். நீங்கள் மாற்றியது ஒன்று என்று நினைக்கிறீர்கள், மாறியது இரண்டு: தாளும் அமுக்கமும். கருமருந்துக்கு அமுக்கம் என்பது சின்ன விஷயம் இல்லை. சில தயாரிப்புகளுக்கு லேசாகத் தொட்டால் போதும், சிலவற்றுக்கு நன்றாக அமுக்கினால்தான் சீராக எரியும். ஒரே தயாரிப்பில் வேறு வேறு தொகுதியே மாறும். 'இந்த அட்டை மாயம் செய்தது' என்று எழுதப்படும் கதைகளில் பாதி அட்டையின் கதை இல்லை, முக்கால் மில்லிமீட்டர் அமுக்கத்தின் கதை.

சரியாக ஒப்பிட இப்படிச் செய்யுங்கள். நீளக் குழாய் வழியாக மருந்தைக் கூட்டில் மெதுவாக விடுங்கள், தானாகவே நெருக்கமாகப் படியும். வாட்டை மேலே வைத்து, அமுக்கும் டையால் (தோட்டா அடைக்கும் பிரஸ்ஸில் மாட்டும், தண்டுள்ள அச்சு) குறித்த ஆழத்துக்கு அமுக்குங்கள். அந்த ஆழத்தை வாட்டின் மேல்முகத்திலிருந்து அளக்காமல், மருந்தின் மேல்முகத்தைக் கணக்கிட்டு வையுங்கள். அதாவது தடித்த வாட் என்றால் அதன் தடிமன் அளவுக்கு டையை ஏற்றிக்கொள்ளுங்கள், குண்டும் அதே அளவு மேலே உட்காரும். குண்டு மேலே வந்தால் சேம்பரில் (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியில்) இடிக்குமே என்றால், அப்போது மட்டும் மருந்தைக் கொஞ்சம் குறைத்துச் சமன் செய்யலாம்.

குண்டை வைத்தே மருந்தை அமுக்குபவர்கள் இருக்கிறார்கள். 20-க்கு 1 ஈயம் அதற்கு வளைந்துகொடுத்துவிடும், மூக்கு நசுங்கும். தனி டை வேண்டும்.

வாட் சாய்ந்து உட்கார்ந்தாலும் கதை முடிந்தது. டையின் தண்டு தட்டையான முகத்தோடு, கூட்டின் உள்ளளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். விரலாலோ பென்சிலாலோ தள்ளினால் ஒரு ஓரம் இறங்கி ஒரு ஓரம் நிற்கும்.

அரைநாள்லேத்:
நோட்டு அட்டையில் மட்டும் ஒரு குண்டு ஓரம் போகிறது என்றால் இன்னொரு சாத்தியமும் உண்டு. வாட் குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு போவது. கிரீஸ் பட்ட அட்டையை அமுக்கத்தில் வைத்தால் ஒட்டும். எல்லா வாட்டும் குழலின் வாயைத் தாண்டியதும் பிரிந்து விழுந்தால் பிரச்சினை இல்லை. சில பிரிந்து, சில பாதி தூரம் ஒட்டிக்கொண்டு போனால் அந்தச் சிலதான் உங்கள் ஓரக் குண்டு. அடி குழிந்த குண்டு என்றால் வாட் அந்தக் குழிக்குள்ளேயே அறையப்பட்டுவிடும்.

முன்னால் போய் வாட்டைப் பொறுக்கிப் பார்த்தீர்களா? மைதானம் பாதுகாப்பாக மூடியிருக்கும்போதுதான், சொல்ல வேண்டியதில்லை.

நீள்குழல்:
பார்த்ததில்லை. எதைத் தேட வேண்டும்?

பித்தளைக்கூடு:
நம் வேலையில் இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஈரத் துணியோ தார்ப்பாயோ குழல் வாய்க்கு முன்னால் தரையில் விரித்து வைத்தால் தேட வசதி. எடுத்ததும் இவற்றைப் பாருங்கள்.

ஓரம் முழுக்கப் புரியின் தடம் வரிவரியாக விழுந்திருந்தால் வாட் பள்ளம் வரை நிரப்பியிருக்கிறது. அது நல்ல வாட்.

ஓரத்தில் ஓர் இடம் மட்டும் கருகி, மற்ற இடம் சுத்தமாக இருந்தால் வாயு அங்கே புகுந்திருக்கிறது. வாட் சின்னது, அல்லது சாய்ந்து உட்கார்ந்தது. எல்லாத் துண்டிலும் கருகல் இருந்தால் அளவுப் பிழை. சிலவற்றில் மட்டும் இருந்தால் உட்காரவைப்பதில் பிழை.

நடுவில் ஓட்டை விழுந்திருந்தாலோ சுக்குநூறாகி இருந்தாலோ தாள் போதாது. தடிமனைக் கூட்டுங்கள், அல்லது கெட்டியான தாளுக்கு மாறுங்கள்.

மருந்தின் குருணைகள் அடிமுகத்தில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருப்பது சகஜம். கவலைப்பட வேண்டாம்.

சுட்ட எண்ணிக்கையைவிடக் கிடைத்த எண்ணிக்கை குறைந்து, கொஞ்சம் வாட்கள் இலக்குக்குப் பாதி வழியில் கிடந்தால் அரைநாள்லேத் சொன்ன ஒட்டல்தான். மருந்தின் மேல் வைத்த வாட்டுக்கும் குண்டுக்கும் நடுவே செய்தித்தாளிலோ மெழுகுத்தாளிலோ அதே அளவில் ஒரு மெல்லிய வட்டம் வையுங்கள். பிரிந்துவிடும்.

தேன்மெழுகு:
கிரீஸ் பேச்சு வந்ததால் மெழுகு வட்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் கசடாகத்தான் மிஞ்சுகிறது. காய்ந்த வெயிலில் அது ஓடு மாதிரி இறுகும். நீளக் குழலில் குண்டின் பள்ளத்து மசகு கடைசி வரை வராமல் போகலாம். அதற்கான அடையாளம், வாய்ப்பக்கத்துக் கடைசிச் சில அங்குலங்களில் ஈயம் பிடிப்பது. சேம்பரை ஒட்டிய தொண்டைப் பக்கம் ஈயம் பிடித்தால் அது மசகுக் குறை இல்லை, வாயு ஒழுகலோ சின்னக் குண்டோ. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மசகை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும், அல்லது தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும், ஏறக்குறைய சரிபாதி. வெயில் காலத்தில் மெழுகு கூட, குளிரில் எண்ணெய் கூட. கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்குங்கள், நேராக அடுப்பில் வேண்டாம். மருந்து இருக்கும் அறையிலும் வேண்டாம். தட்டில் மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி ஆறவைத்து, அதே துளைப்பானால் வெட்டலாம். பெட்ரோலிய கிரீஸ் கருமருந்துக் கசடோடு சேர்ந்து தார் மாதிரி இறுகுவதால் நம் ஆட்கள் அதைத் தொடுவதில்லை.

அடுக்கு இப்படி: மருந்து, கெட்டி வாட், மெழுகு வட்டு, மெல்லிய தாள், குண்டு. கெட்டி வாட் இல்லாமல் மெழுகை மருந்தின் மேல் வைத்தால் எண்ணெய் இறங்கி மேல்மருந்து செத்துப்போகும். ஃபெல்ட்டுக்கும் இதே விதி. மெழுகு வட்டும் இடம் பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள், பித்தளைக்கூடு சொன்ன அமுக்கக் கணக்கில் அதையும் சேருங்கள்.

சந்தேகி:
மெழுகு வட்டுக்குப் பதில் நான் ஊதுகுழல்தான். ஒரு குண்டு சுட்டதும் பின்பக்கம் குழாயை வைத்து மெதுவாகச் சில மூச்சு விட்டால், மூச்சின் ஈரத்தில் கசடு இளகிவிடும். குறைந்த வேலை.

தேன்மெழுகு:
அதுவும் சரிதான். வறண்ட காற்றில் எனக்கு இரண்டும் தேவைப்படுகிறது.

புதுவரவு:
நல்ல இழை. வாட்டை வீட்டில் செய்வது போல மருந்தையும் வீட்டிலேயே அரைத்துக்கொள்ள முடியுமா? விகிதம் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மட்டுறுத்துநர்:
இல்லை தம்பி. மருந்து தயாரிப்பது இந்தத் தளத்தில் பேசுபொருள் இல்லை. அட்டை வெட்டுவது தவறினால் ஓர் அட்டை வீண். மருந்து அரைப்பது தவறினால் கை போகும். உரிமம் பெற்று, தயாரிப்பாளர் அடைத்து விற்பதை வாங்கிப் பயன்படுத்துங்கள். இது பற்றிய பதில்கள் நீக்கப்படும். வாட்டுக்கே திரும்புவோம்.

பித்தளைக்கூடு:
பாதுகாப்புப் பேச்சு வந்ததால் இரண்டு விஷயம்.

கருமருந்துக்கும் வாட்டுக்கும் குண்டுக்கும் நடுவே எங்கும் காற்றிடம் இருக்கக் கூடாது. வாட் மருந்தின் மேல், குண்டு வாட்டின் மேல், இறுக்கமாக. வாட் மேலே நகர்ந்து இடைவெளி விழுந்தால், வேகமாக வந்து மோதும் இடத்தில் சேம்பரோ குழலோ வளையமாகப் புடைக்கும். வெளியே பெரும்பாலும் தெரியாது, உள்ளே தடவினால் மோதிரம் மாதிரித் தட்டுப்படும். அதற்குப் பிறகு அந்தக் குழலைச் சரிசெய்வது மிகக் கடினம்.

அடுத்தது, இந்த வாட் பேச்சு எல்லாம் கருமருந்துக்கு மட்டும். புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டு, அது ஓடாமல் இருக்க மேலே ஒரு வாட்டைத் தள்ளி வைத்து, குண்டு வரைக்கும் காலியிடம் விட்டுச் சுட்டவர்களின் சேம்பர்களிலும் அதே மோதிரம் விழுந்திருக்கிறது. இங்கே படித்ததை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அரைநாள்லேத்:
காய்ந்த புல் உள்ள மைதானத்தில் அட்டை, ஃபெல்ட் வாட்கள் கனன்றுகொண்டே விழலாம். தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும். நான் கோடையில் நார்த்தாளை விட்டுப் பாலிஎத்திலீனுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீள்குழல்:
பொறுக்கிப் பார்த்தேன். கேஸ்கட் தாள் வாட்களின் ஓரத்தில் அழகாகப் புரித் தடம். நோட்டு அட்டையில் இரண்டு வகை: சிலது சுத்தம், சிலது ஒரு பக்கம் கருகல். தடிமனை அளந்தால் நோட்டு அட்டை ஒன்றுக்கொன்று வேறு, ஒரே அட்டையின் ஓரத்திலும் நடுவிலும்கூட. வெட்டியவற்றைத் திறந்த கிண்ணத்தில் வைத்திருந்தேன், மழை நாள் வேறு.

அமுக்கத்தைச் சமன் செய்து மறுபடி சுட்டதில் கேஸ்கட் தாளுக்கும் இரட்டைப் பால் டப்பா அட்டைக்கும் என்னால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. முன்னால் பால் டப்பா தோற்றதாக நினைத்தது அமுக்கம் குறைந்ததால்தான் போல.

பித்தளைக்கூடு:
அதேதான். நோட்டு அட்டையையும் ஒதுக்க வேண்டாம். உலர்த்தி, வெட்டி, அளந்து, தடிமன் வாரியாகப் பிரித்துவைத்தால் அதுவும் சுடும். அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்குக் கிடையாது, அதனால் கேஸ்கட் தாள்.

சந்தேகி:
வாட் இல்லாமலும் ஒரு குரூப் சுட்டிருக்கலாமே நீள்குழல்? அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

நீள்குழல்:
அடுத்த முறை சுடுகிறேன் ஐயா, குண்டை அந்த முக்கால் மில்லிமீட்டர் கீழே இறக்கி. இப்போதைக்கு ஒரு சின்னச் சந்தேகம். இரட்டைப் பால் டப்பா வாட்டில் இரண்டையும் ஒட்ட வேண்டுமா, சும்மா ஒன்றின் மேல் ஒன்றா?

அரைநாள்லேத்:
ஒட்ட வேண்டாம். இரண்டு தாளையும் ஒன்றாகப் பிடித்து ஒரே வெட்டில் வெட்டுங்கள், ஜோடியாகவே துளைப்பானுக்குள் ஏறும். அந்த ஜோடியை அப்படியே கூட்டில் இறக்குங்கள்.